அவலுக்காக நீண்ட தரை

சங்குவிளைக்காரர்களிடம் போய், உங்கள் ஊரில் கடலுக்கு இறங்கும் தெருவில் ஒரு வீட்டின் தரை வாசலைத் தாண்டி வெளியே வந்ததாமே என்று கேட்டால், ஆமாம் வந்தது என்பார்கள். எப்படி வந்தது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார்கள். முதலில் அவல் என்ற நாய்க்குட்டியைப் பற்றியும், அதற்குப் பிறகு சலேத்தைப் பற்றியும், அதற்கும் பிறகு அந்த வருடத்து வெயில் காலத்தில் தங்கள் உள்ளங்கால்கள் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தன என்பதைப் பற்றியும்தான் சொல்வார்கள்.

சலேத் அந்தத் தெருவின் நடுவில் இருந்த ஓட்டு வீட்டுக்காரி. அவள் கணவன் கஸ்பார் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். ஒரே மகள் கல்யாணமாகிப் பம்பாய்ப் பக்கம் போய்விட்ட பிறகு அந்த வீட்டில் மிச்சமிருப்பது புருஷனும் பெண்டாட்டியும் ஒரு சிவப்புத் தரையும்தான் என்று பக்கத்து வீட்டு பிலோமி கேலி செய்வாள். அந்த அளவுக்குச் சலேத்துக்கு அந்தத் தரைமேல் பாசம், காவி கலந்து இழைத்த பழைய சிமெண்டுத் தரை, அதைச் சனிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, குனிந்தால் மூக்குத்தி தெரிகிற மாதிரி வைத்திருந்தாள்.

மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாளில் சப்பரம் கடற்கரைக்கு வந்தபோது, மேலே போகவேண்டிய வேட்டு ஒன்று சாய்ந்துபோய்ப் படகுகளுக்கு நடுவே வெடித்தது. அங்கே குட்டி போட்டிருந்த தாய்நாய் அந்தச் சத்தத்தில் எடுத்த ஓட்டம் எந்த ஊரில் போய் நின்றதோ, திரும்பி வரவேயில்லை. மறுநாள் காலையில் கஸ்பார் வலையை உதறியபோது உள்ளேயிருந்து வெள்ளையும் பழுப்புமாக ஒரு பெண்குட்டி விழுந்தது, சுண்டினால் பறந்துவிடும் போல அவ்வளவு லேசாக. அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அவன் அந்தச் சிவப்புத் தரைமேல் இறக்கிவிட்டான். நடுங்கிக்கொண்டிருந்த குட்டி நாலு காலையும் பரப்பி, வயிற்றைத் தரையில் ஒட்டவைத்து, நடுக்கம் நிற்கும்வரை அப்படியே கிடந்தது. சலேத் அதற்கு அவல் என்று பெயர் வைத்தாள்.

அவல் வளர்ந்தது, காது நிமிர்ந்தது, கால் நீண்டது, ஆனால் வாசற்படியைத் தாண்டி ஒரு நகத்தைக்கூட வெளியே வைக்கவில்லை. தெருவில் ஒரு குடம் உருண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஐஸ் வண்டி ஹாரன் அடித்தால் அடுப்பங்கரை மூலையில் அம்மிக்குப் பின்னால் போய்விடும். வீட்டுக்குப் பின்னால் சுவர் எழுப்பிய துணி துவைக்கிற இடம்தான் அது கண்ட வானம். சலேத் கோழி ஈரலை வேகவைத்துப் படியில் வைத்துப் பார்த்தாள். அதைக் காக்கா கொண்டுபோயிற்று. தூக்கிக்கொண்டு பிலோமி வீட்டுவரைக்கும் போய்ப் பார்த்தாள். அவல் அவள் சேலையிலேயே மூத்திரம் போய்விட்டு, அவள் கக்கத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. ஒருநாள் கஸ்பார் பொறுமை இழந்து கழுத்தில் கயிறு போட்டு இழுத்தான். அவல் நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. அதன் நகம் தரையில் கீறிய சத்தத்தைக் கேட்டுச் சலேத் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"விடுங்க, விடுங்க. உயிர் போவுது அதுக்கு."

"நாய்னா தெருவுல ஓடணும் சலேத்து. இப்படிப் பொத்திப் பொத்தி வச்சா நாளைக்கு நமக்குப் பிறவு யாரு பார்ப்பா?"

"அதுக்குன்னு இழுப்பீயளா? உங்களை அப்படித்தான் இழுத்து மொதமொத கடல்ல போட்டாவளா?"

கஸ்பார் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினான். அவனை முதன்முதலில் கடலுக்குக் கூட்டிப்போன அவன் மாமா, ஒரு வாரம் வெறும் கரையில் உட்காரவைத்துத்தான் கூட்டிப்போனார்.

சலேத் டவுனில் இருக்கும் மாட்டாஸ்பத்திரிக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போனாள். நாய் இல்லாமல் நாய்க்கு வைத்தியம் கேட்க வந்தவளைப் பார்த்து அந்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இழுக்காதீங்க, தூக்கிட்டும் போகாதீங்க. எந்த இடத்தைத் தன்னோட இடம்னு அது நினைக்குதோ, அங்கேயிருந்து கொஞ்சம் கொஞ்சமா அதுவா வரணும். நீங்க பக்கத்துல மட்டும் இருங்க" என்றாள்.

அன்றையிலிருந்து சலேத் காலை வேலை முடிந்ததும் நடைவாசலில் உட்கார்ந்துகொள்வாள், பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. அவல் அவள் முதுகுக்குப் பின்னால் படுத்திருக்கும். "இந்தா பாரு, பிலோமி பெரியம்மா தண்ணிக்குப் போறா. இந்தா, சுடலை மாமா ஐஸ் ஏத்திட்டு வாராரு, அந்த ஹாரன் சும்மாதான், அவரு சாதுவான ஆளு" என்று பின்னால் திரும்பிப் பார்க்காமலே ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். ஒருநாள் கஸ்பாரிடம், "இவ கால் வைக்கிற இடமெல்லாம் நம்ம வீடாவே இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்" என்றாள். "இருக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அவன் வெற்றிலையைத் துப்பப் போனான்.

மறுநாள் விடிந்து வாசல் தெளிக்க வந்தபோது வீட்டுத்தரை படியிறங்கி வந்திருந்தது. யாரோ சிவப்புச் சாயத்தைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் சலேத் முதலில் நினைத்தாள். குனிந்து தொட்டாள். அதே வழவழப்பு, அதே குளிர்ச்சி, உள்ளங்கையில் அதே தேங்காயெண்ணெய் மணம். படியின் மேலே வழிந்து, படியையும் மூடி, தெருவில் ஒரு பாய் விரித்த அளவுக்குப் பரந்து கிடந்தது. அவள் வாளியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவல் வந்தது. தரையை மோந்தது. வலது காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு தன் வாழ்க்கையில் முதல்தடவையாக வாசலுக்கு வெளியே தெருவைப் பார்த்தபடி, வயிற்றைத் தரையில் ஒட்டவைத்துப் படுத்துக்கொண்டது.

தண்ணீர்க் குடத்தோடு வந்த பிலோமி நின்றாள். "ஏட்டி சலேத்து, உன் வீடு வெளிய வந்திருக்கே."

"ஆமாக்கா, இவளுக்காவ வந்திருக்கு போலிருக்கு."

"அப்படியா" என்ற பிலோமி, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, அந்தப் பாயளவு தரைமேல் நடந்து மறுபக்கம் போய், திரும்பி வந்து செருப்பை எடுத்துக்கொண்டு போனாள். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குள் யார் செருப்போடு போவார்கள்?

அவல் எவ்வளவு தூரம் வந்து படுக்கிறதோ, மறுநாள் காலையில் தரை அதைவிடக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். அவல் பயந்து உள்ளே ஓடிய நாட்களில் தரை இருந்த இடத்திலேயே காத்திருக்கும். இப்படி அது பிலோமி வீட்டு வாசலைத் தாண்டியது, எதிர்வரிசை வீடுகளின் படியைத் தொட்டது, மேலே பஸ் போகும் ரோட்டுப் பக்கமும் கீழே கடல் பக்கமுமாக நீண்டது. தெருவின் இரண்டு முனையிலும் செருப்புகள் குவிந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பூட்ஸ், மீன் ஏலம் விடுகிறவர்களின் ரப்பர் செருப்பு, கல்யாணத்துக்கு வந்த வெளியூர்க்காரர்களின் தோல் செருப்பு எல்லாம் அங்கே கலந்து கிடந்தன. ஒருநாளும் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. ஐஸ் வண்டிக்காரர் சுடலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, வெறுங்காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "உள்ள வரலாமா?" என்று கேட்பார். யாராவது ஒருவர், "வாங்கண்ணே" என்பார்கள். அதற்குப் பிறகு அவர் ஹாரனைத் தொடவே மாட்டார். அடுத்தவர் வீட்டுக்குள் நின்று யார் ஹாரன் அடிப்பார்கள்?

வெயில் ஏறியது. ஊரெல்லாம் தார் உருகியபோது அந்தத் தெருவில் மட்டும் தரை குளுகுளுவென்று கிடந்தது. வலை பின்னுகிறவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார்கள். பிள்ளைகள் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினார்கள். பேசாமலிருந்த இரண்டு ஓரகத்திகள், இனி ஒரே வீட்டுக்குள் எப்படிப் பேசாமல் இருப்பது என்று கூச்சப்பட்டுப் பேச ஆரம்பித்தார்கள். குடித்துவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டே வந்த இரண்டு பேர், ஓரத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்காகச் சண்டையை நிறுத்தினார்கள். கழற்றி முடித்தபோது எதில் விட்டோம் என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது. கோயில் சாமியார் வந்து வெறுங்காலோடு மேலும் கீழும் நடந்தார். இது ஆண்டவர் செய்த புதுமைதானா சாமி என்று கேட்டவர்களிடம், "அது எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பை இங்க வச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கஷ்டமெல்லாம் சலேத்துக்குத்தான். வீட்டுக்குள் வந்தவர்களுக்குத் தண்ணீராவது கொடுக்காமல் அனுப்ப அவளுக்கு மனசு வராது. தெருவில் போகிறவர்களெல்லாம் அவள் வீட்டுக்குள் போகிறவர்களாகிவிட, காலையிலிருந்து மாலைவரை அவள் செம்பும் கையுமாக அலைந்தாள். தெரு நீளத்துக்கும் துடைக்க வேண்டியிருந்தது. ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டதைப் பிலோமி பார்த்தாள். அடுத்த நாள் காலைப் பூசை முடிந்து வந்த பெண்கள் ஆளுக்கொரு வாளியோடு இறங்கிவிட்டார்கள்.

"நீங்க எதுக்குக்கா? இது எங்க வீட்டுத் தரை" என்று சலேத் தடுத்தாள்.

"எங்க வாசல்லதானே கிடக்கு. நீ போயி அவ பக்கத்துல இரு, அதுதான் உன் வேலை" என்றாள் பிலோமி.

அவல் இப்போது பிலோமி வீட்டுப் படிவரை தானாகப் போய் வந்தது. யாரும் அதைத் தொடுவதில்லை, கூப்பிடுவதில்லை, குறுக்கே வருவதில்லை. அது நடந்து வரும்போது குடம் தூக்கியவர்கள் குடத்தைச் சத்தமில்லாமல் இறக்கினார்கள். அது முகர்ந்து பார்க்க வந்தால் கையை நீட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இதையெல்லாம் யார் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று சலேத்துக்குத் தெரியவில்லை. ராத்திரிச் செபத்தில் அவள் ஒவ்வொரு வீட்டின் பெயரையும் சொல்லி நன்றி சொல்லத் தொடங்கினாள். செபம் நீண்டுகொண்டே போனதால் கஸ்பார் பாதியிலேயே தூங்கிப்போனான்.

வார்டு கவுன்சிலர் வந்தார். வீட்டுத் தரையைத் தெருவில் போட்டிருப்பது ஆக்கிரமிப்பு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஓரத்தில் ஷூவோடு நின்று யோசித்தவர், பிறகு குனிந்து கழற்றி, சாக்ஸையும் கழற்றி, ஒரு காலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். சலேத் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்தார்.

"தெருவை வீடு பிடிச்சிருக்கா, வீட்டைத் தெரு பிடிச்சிருக்கான்னு எனக்கு விளங்கலைம்மா. விளங்குன பிறவு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அடிக்கடி வந்தார், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

எல்லோருமே அப்படி இருந்துவிடவில்லை. வலைக்கடை ரபேலுக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு நாய்க்காவ ஊரே செருப்பைக் கழட்டணுமோ?" என்று கேட்டுக்கொண்டே, ஒருநாள் செருப்புக் காலோடு, ஊரையே எழுப்பும் தன் மோட்டார் சைக்கிளை அந்தத் தரைமேல் ஓட்டிக்கொண்டு வந்தான். தெருவில் யாரும் அவனைத் திட்டவில்லை. ஆனால் பிலோமி வீட்டுப் படியில் படுத்திருந்த அவல் ஒரே பாய்ச்சலில் வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. மறுநாள் காலையில் தரை மொத்தமும் சுருங்கிப் பழையபடி வாசற்படிக்கு உள்ளே போயிருந்தது.

சூடு திரும்பிய தெருவில் பிள்ளைகள் துள்ளித் துள்ளி நடந்தார்கள். வலை பின்னுகிறவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செருப்பு போட்டுக்கொண்டவர்கள் எல்லோருமே துக்க வீட்டிலிருந்து வருகிறவர்கள் போல முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்கள். யாரும் ரபேல் கடைப் பக்கம் போய் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம்நாள் பகலில் அவனே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நடந்து சலேத் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மதினி, அவ இருக்காளா?"

"கட்டிலுக்கு அடியில கிடக்கா. சாப்பிடவும் வரலை."

ரபேல் உள்ளே வந்தான். அவ்வளவு பெரிய உடம்பைத் தரையில் கிடத்தி, கன்னத்தைத் தரையில் வைத்து, கட்டிலுக்கு அடியில் பார்த்தான். "எம்மா, உனக்கு இவ்வளவு பயம் இருக்கும்னு அண்ணனுக்குத் தெரியலை. வண்டியை இனி ரோட்டுல அந்தாலையே விட்டுட்டு வாரேன். நீ வெளிய வா" என்றான். அவல் வரவில்லை. அவன் எழுந்திருக்கவும் இல்லை. அப்படியே படுத்திருந்தவன் தூங்கிப்போனான். விழித்துப் பார்த்தபோது அவனுடைய முழங்கைக்குப் பக்கத்தில் அவல் படுத்திருந்தது. அவன் மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

தரை மறுபடி வெளியே வந்தது. இந்தமுறை இன்னும் தைரியமாக, கடல் பக்கமாகவே நீண்டு, தெரு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் போய் நின்றது. மணலுக்குள் அது இறங்கவில்லை. அவல் தினமும் அந்த ஓரம்வரை சலேத்தோடு போகும், மணலைப் பார்க்கும், அலையைப் பார்க்கும், அது பிறந்த இடத்தையும் பார்க்கும், பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். சலேத் அதற்குமேல் கேட்கவில்லை. இவ்வளவு கிடைத்ததே என்று அவளுக்கு இருந்தது.

ஆடி மாதம் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிய ஒருநாள், விடியுமுன் போன வள்ளங்களெல்லாம் கரைக்கு வந்துசேர்ந்தும் கஸ்பாரும் இன்னும் மூன்று பேரும் போன வள்ளம் மட்டும் வரவில்லை. மத்தியானம் தாண்டியது. காற்று கூரை ஓட்டைப் பெயர்க்கிற மாதிரி அடித்தது. சோற்றை வடித்துக்கொண்டிருந்த சலேத், செய்தி கேட்டதும் அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் ஓடினாள். தரை முடிகிற இடத்தைத் தாண்டி மணலில் இறங்கி ஓடி, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் மற்ற மூன்று வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கை மட்டும் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தது.

அவள் பின்னாலேயே ஓடிவந்த அவல், தரையின் ஓரத்தில் நின்றுவிட்டது. எதிரே காற்றில் தார்ப்பாய்கள் படபடவென்று அடித்தன, கயிறுகள் ஊளையிட்டன, ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள், அலை ஒவ்வொன்றும் வேட்டுப் போல வந்து விழுந்தது. எதெல்லாம் அதற்குப் பயமோ அதெல்லாம் அன்றைக்கு அங்கே ஒன்றாகக் கூடியிருந்தது. தெருக்காரர்கள் எல்லோரும் அதன் பின்னால், தரைமேல் நின்றார்கள். "போம்மா" என்று யாரும் சொல்லவில்லை. வாயெடுத்த ஒருத்தியைப் பிலோமி கையமர்த்தினாள். தூரத்தில் திரும்பியிருந்த சலேத்தின் முதுகு தெரிந்தது. எத்தனையோ காலை நேரங்களில் அவல் ஒண்டிக்கொண்டிருந்த முதுகு, இப்போது காற்றில் குறுகிப்போயிருந்தது.

அவல் ஒரு காலை மணலில் வைத்தது. கால் புதைந்தது. எடுத்துக்கொண்டது. திரும்பிச் சிவப்புத் தரையையும் அதன்மேல் நின்ற ஆட்களையும் ஒருதரம் பார்த்தது. பிறகு மணலில் இறங்கி, வயிறு மணலில் படுகிற மாதிரித் தாழ்ந்து, வாலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, நின்று நின்று, நடுங்கி நடுங்கி, ஆனால் திரும்பாமல் போனது. தரை அதன் பின்னால் ஓர் அங்குலம்கூட வரவில்லை. அது மணலில் தன் காலடித் தடத்தைப் பதித்துக்கொண்டே போனதை அத்தனை பேரும் பார்த்தார்கள். ரபேல் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஈரமான மூக்கு ஒன்று முழங்காலில் பட்டபோது சலேத் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவல் அவள் பாதத்தின்மேல் தன் பாரம் முழுவதையும் வைத்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பாரத்தால்தான் தான் காற்றில் பறந்துபோகாமல் அங்கே இருக்க முடிந்தது என்று சலேத் பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வள்ளம் தெரிந்தது. எஞ்சின் நின்றுபோய்க் காற்றில் ஒதுங்கிக் கிடந்தவர்களைப் பக்கத்து ஊர் விசைப்படகு ஒன்று கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. நாலு பேரும் உப்புப் பூத்த முகத்தோடு இறங்கினார்கள். பெண்கள் ஓடினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடந்து கரையேறிய கஸ்பார், சலேத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் காலடியில் இருந்ததைப் பார்த்தான். செத்துப் பிழைத்து வந்தவன் காற்றைப் பற்றிச் சொல்லவில்லை, எஞ்சினைப் பற்றிச் சொல்லவில்லை.

"இவ எப்படி இங்க வந்தா?"

"நடந்து வந்தா" என்றாள் சலேத்.

மறுநாள் காலையில் தெரு பழைய தார்த் தெருவாகவே இருந்தது. சிவப்புத் தரை வாசற்படிக்குள், எப்போதும் இருந்த இடத்தில் இருந்தது. இந்தமுறை யாரும் முகத்தைத் தொங்கப்போடவில்லை. சலேத் சீனியும் தேங்காயும் போட்டு ஆப்பம் சுட்டு, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்வதற்காக வீடு வீடாகப் போகலாம் என்று கிளம்பினாள். வாசலுக்கு வந்தால், அவர்களே வந்துகொண்டிருந்தார்கள். பிலோமி வந்தாள், ரபேல் வந்தான், ஓரகத்திகள் சேர்ந்து வந்தார்கள், ஐஸ் வண்டியை ஓரத்தில் விட்டுவிட்டுச் சுடலை வந்தார், அந்த நேரத்துக்கு எப்படித் தெரிந்ததோ கவுன்சிலரும் வந்தார். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அந்தச் சின்ன வீட்டின் தரையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"நான்தானே உங்களுக்கு நன்றி சொல்லணும்" என்றாள் சலேத், ஆப்பத்தைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே.

"நீ சொல்லாட்டி என்ன, நாங்க சொல்லுதோம்" என்றார் சுடலை. "இத்தனை நாளா உன்கிட்ட கேக்காம உங்க வீட்டுக்குள்ள வந்து போயிட்டிருந்தோம். ஒருநாளாவது முகம் சுளிச்சியாம்மா?"

ஆப்பம் ஒரு சுற்று வந்து முடிந்தது. பிலோமி தன் பங்கில் பாதியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அம்மிக்குப் பின்னால் பார்த்தாள், துணி துவைக்கிற இடத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எங்கட்டி அவ? அவளுக்குத்தானே முதல்ல கொடுக்கணும்."

சலேத் தூக்குச்சட்டியை மூடினாள். ஊரில் மற்ற பெண்கள் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்களோ, அவ்வளவு சாதாரணமாகச் சொல்லப் பார்த்தாள்.

"அவ வெளிய போயிருக்காக்கா" என்றாள்.